வார்டு குழுவில் வணிகர் குரல்

சாக்கடை அடைத்துக்கொண்டால் தண்ணீர் நம் கடை வாசலில்தான் தேங்குகிறது. தெருவிளக்கு எரியாவிட்டால் மாலை வியாபாரம் படுத்துவிடுகிறது. கல்லாவில் உட்கார்ந்து புலம்பும் நாம், இதைச் சொல்வதற்கென்றே சட்டப்படி ஓர் இடம் இருப்பதைக் கவனிப்பதில்லை.

1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டு குழுக்கள் அமைக்கச் சொன்னது. தமிழகத்தில் 2022-இல்தான் இது உருப்பெற்றது. அவ்வாண்டு நவம்பர் 1 அன்று, உள்ளாட்சி தினத்தில், பகுதி சபைகள் கூடின. ஒரு வார்டு பல பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. பகுதிக்கு ஒரு சபை, ஒரு பிரதிநிதி. அந்தப் பிரதிநிதிகள் கவுன்சிலர் தலைமையில் வார்டு குழுவாகக் கூடுகிறார்கள். இவர்கள் அதிகாரிகள் அல்லர். நம்மைப் போன்ற ஊர்மக்கள்தாம்.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. அந்தப் பகுதி வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவரே சபை உறுப்பினர். கடை ஒரு வார்டிலும் வீடு வேறொரு வார்டிலும் இருந்தால், நமக்கு இடம் வீட்டுப் பக்கம்தான்; வரி கட்டும் கடைத்தெருவில் இல்லை.

இதற்கு வழி நம் கையில்தான் இருக்கிறது. கடைக்கு மேலேயோ பின்னாலேயோ குடியிருக்கும் உறுப்பினர்கள் சபைக்குத் தவறாமல் செல்ல வேண்டும். மற்றவர்களின் குறைகளைச் சங்கம் திரட்டி, அவர்கள் மூலம் எழுத்தில் தர வேண்டும். "குப்பை அள்ளுவதில்லை" என்று பொதுவாக எழுதினால் போதாது. எந்தத் தெரு, எந்தக் கம்பம், எத்தனை நாளாக என்று எழுதுவோம். மனு கொடுத்த தேதியையும் குறித்து வைப்போம்.

ஒரு மாலை கடையைப் பையனிடம் விட்டுவிட்டுப் போவது நஷ்டமல்ல. அதுவும் ஒரு முதலீடே.