இயற்கை உணவை யார் வாங்குகிறார்கள்?

இயற்கை வேளாண்மைக்குச் சான்று பெற்ற நிலத்தின் கணக்கு மலைக்க வைக்கும். 1999இல் உலகெங்கும் 1.1 கோடி ஹெக்டேராக இருந்த இயற்கை வேளாண் நிலம், 2023இல் ஏறத்தாழ 9.9 கோடி ஹெக்டேராகிவிட்டது. ஆனால் அதில் பாதிக்கு மேல் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது, அதுவும் பெரும்பாலும் ஆடுமாடு மேயும் வறண்ட புல்வெளி. உலகின் மொத்த வேளாண் நிலத்தில் இயற்கை முறைக்கு வந்தது இன்னும் 2 சதவீதத்தைச் சுற்றியே நிற்கிறது. சந்தையோ 13,000 கோடி யூரோவைத் தாண்டிவிட்டது. அதில் பெரும்பங்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் செலவாகிறது. சான்று பெற்ற விவசாயிகள் அதிகம் இருப்பதோ இந்தியாவில். ஆகவே பரப்பளவை வைத்து வளர்ச்சியை அளந்தால் ஏமாந்துபோவோம். யார் நிலையாக வாங்குகிறார்கள் என்றுதான் கேட்க வேண்டும்.

டென்மார்க் 1987இலேயே இயற்கை வேளாண்மைக்கெனச் சட்டம் இயற்றிய நாடு. இன்று அங்கே சில்லறை உணவு விற்பனையில் சுமார் 12 சதவீதம் இயற்கை விளைபொருள். கோபன்ஹேகன் மாநகராட்சி தன் மழலையர் காப்பகங்கள், முதியோர் இல்லங்களின் சமையலறைகளுக்கு 90 சதவீதம் இயற்கை உணவு என்று இலக்கு வைத்து, கிட்டத்தட்ட எட்டியும் விட்டது. பொருள் வாங்கும் தொகையைக் கூட்டி இதைச் செய்யவில்லை. சமையல்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்துச் செய்தார்கள். இறைச்சியைக் குறைத்தார்கள். அந்தந்தப் பருவத்துக் காய்கறியை வாங்கினார்கள். பொட்டலத்தில் வரும் தயார் உணவை விட்டுவிட்டு அடுப்படியிலேயே சமைத்தார்கள், குப்பைக்குப் போவதைக் குறைத்தார்கள். இயற்கை முறைக்கு மாறும் விவசாயி, இரண்டு மூன்று ஆண்டுகள் குறைந்த விளைச்சலைச் சாதாரண விலைக்கே விற்றாக வேண்டும். அந்தக் காலத்தைக் கடக்க அவருக்கு இந்தச் சமையலறைகளைப் போன்ற உறுதியான வாடிக்கையாளர் தேவை. பிரான்ஸிலும் 2018இல் சட்டம் வந்தது: 2022 முதல் பொதுச் சமையலறைகளில் 20 சதவீதம் இயற்கை உணவு. அது நிறைவேறவில்லை. விலைவாசி ஏறியதும் கடைகளில் விற்பனை சரிந்தது, விவசாயிகள் தவித்தார்கள்.

விளைச்சல் குறையுமே, உலகுக்குச் சோறு எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2012, 2014 ஆண்டுகளில் வந்த பெரிய ஒப்பாய்வுகள், இயற்கை முறையில் சராசரியாக 19 முதல் 25 சதவீதம் விளைச்சல் குறைவதாகச் சொல்கின்றன. இதை மறைப்பது இயற்கை வேளாண்மைக்கு நாம் செய்யும் தீங்கு. ஆனால் உலகத் தானியத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கால்நடைத் தீவனமாகிறது. விளைந்த உணவிலும் கணிசமான பகுதி வீணாகிறது. கோபன்ஹேகன் சமையலறைகள் கைவைத்தது இந்த இரண்டில்தான். இலங்கையில் நடந்தது இதற்கு நேர்மாறு. இயற்கை முறைக்கு மாறவென்று 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதிக்கு ஒரே அடியாகத் தடை வந்தது. போதிய தொழுவுரம் இல்லை, நிலம் பழகுவதற்கான அவகாசமும் இல்லை. நெல்லும் தேயிலையும் அடிபட்டன; நவம்பரில் தடையை விலக்க வேண்டியதாயிற்று. அதை இயற்கை வேளாண்மையின் தோல்வியாகக் காட்டுபவர்கள், அங்கே சுமை முழுவதும் விவசாயியின் தலையில் மட்டும் ஏற்றப்பட்டதைச் சொல்வதில்லை. வாங்கும் அரசுக்கும் உண்ணும் நகரத்துக்கும் அந்த ஆணையில் ஒரு வேலையும் இருக்கவில்லை.