இருளைப் பங்கிடுதல்

மதுரையின் தென்மேற்கில், திருப்பரங்குன்றத்தைக் கடந்து திருமங்கலம் செல்லும் சாலையில் அமைந்த குடியிருப்புப் பகுதி திருநகர். 2012ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அங்கு வாழ்ந்தோரின் அன்றாட வேலைகளை மின்சாரம் வந்துபோகும் வேளையே தீர்மானித்தது. மாவரைப்பதும் மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றுவதும் பிள்ளைகள் பாடம் படிப்பதும் அதற்கேற்ப இடம்மாறின. அருகிலிருக்கும் கப்பலூர்த் தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகளில் இயந்திரங்கள் நாளின் பெரும்பகுதி ஓய்ந்து நின்றன. தமிழகத்தின் மின்தேவை அப்பொழுது ஏறத்தாழ 12,000 மெகாவாட். பற்றாக்குறையோ சில நாள்களில் 4,000 மெகாவாட் வரை சென்றது.

மின்தடை, மின்வெட்டு என்னும் இரு சொற்களையும் பேச்சுவழக்கில் வேறுபாடின்றி ஆள்கிறோம். கம்பி அறுந்தோ மின்மாற்றி பழுதடைந்தோ மின்சாரம் நிற்பது மின்தடை. (இயற்பியல் நூலில் வரும் மின்தடை வேறு பொருளுடையது.) மின்வெட்டு என்பது ஒருவர் முடிவெடுத்து நிறுத்துவது. ஏன் நிறுத்த வேண்டும்? இருக்கும் மின்சாரத்தை எல்லாருக்கும் சிறிது குறைத்துக் கொடுத்தால் ஆகாதா என்னும் வினா இயல்பானதே. விடை மின்கட்டமைப்பின் இயல்பில் இருக்கிறது.

குளத்து நீரைப்போல மின்சாரத்தைக் கம்பிகளில் தேக்கிவைக்க இயலாது. ஒவ்வொரு நொடியும் எவ்வளவு நுகரப்படுகிறதோ அவ்வளவும் அதே நொடியில் உற்பத்தியாக வேண்டும். இந்தச் சமநிலையைக் காட்டும் நாடித்துடிப்பே அதிர்வெண். இந்தியாவில் அது 50 ஹெர்ட்ஸ். ஒரே மாறுதிசை மின்னோட்டத் தொகுப்பில் இணைந்த மின்னாக்கிகள் அனைத்தும் ஒரே இசைவில் சுழல்கின்றன. நுகர்வு மிகுந்தால் அவை சுமை தாங்காமல் வேகம் குறைகின்றன, அதிர்வெண்ணும் இறங்குகிறது. மேட்டில் ஏறும் பாரவண்டியின் மாடுகள் தளர்வதைப் போன்றது இது. ஓரளவுக்கு மேல் வேகம் குறைந்தால் சுழலிகளின் தகடுகள் அதிர்ந்து சேதமடையும். ஆகவே மின்னிலையங்கள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே விலகிவிடும். ஒன்று விலகினால் அதன் சுமை மற்றவற்றின்மேல் விழும்; அவையும் விலகும். சிறு பற்றாக்குறை சில நிமிடங்களில் பேரிருளாக மாறும் வழி இதுவே. எல்லாருக்கும் சிறிது குறைத்துக் கொடுக்கும் எளிய வழி இங்கே இல்லை. ஒரு பகுதியின் சுமையை இறக்கித்தான் வண்டியைக் காக்க முடியும்.

இறக்க வேண்டிய வேளையை அறிபவர்கள் மின்சுமை பகிர்வு மையங்களில் இரவும் பகலும் முறைவைத்து அமர்ந்திருக்கும் பொறியாளர்கள். தமிழகத்திற்கான மையம் சென்னையிலும், தென்மண்டல மையம் பெங்களூரிலும், தேசிய மையம் தில்லியிலும் உள்ளன. மதுரையிலும் ஒரு துணை மையம் உண்டு. ஒரு நாளை 15 நிமிடங்கள் கொண்ட 96 கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறுக்கும் தேவை எவ்வளவு, வரவு எவ்வளவு என்று முந்தைய நாளே கணக்கிடுகின்றனர். அதிர்வெண்ணை 49.90க்கும் 50.05க்கும் இடையில் வைத்திருக்க முயல்வதே அவர்தம் பணி. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று திடீரென ஓய்ந்தாலோ, தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் 210 மெகாவாட் அலகொன்று பழுதாகி நின்றாலோ, முந்தைய நாள் போட்ட கணக்கு பொய்த்துவிடும்.

அப்பொழுது முதலில் தேடப்படுவது நீர்மின்சாரம். குளிர்ந்து கிடக்கும் அனல்மின் நிலையம் முழுவேகம் பெறப் பல மணி நேரமாகும். நீர்மின் நிலையமோ மதகு திறந்த சில நிமிடங்களில் மின்சாரம் தரும். ஆனைமலைப் பகுதியில் மலைக்குள் குடைந்து அமைக்கப்பட்ட காடம்பாறை நிலையம் இத்தகைய நேரங்களுக்கென்றே பிறந்தது எனலாம். 400 மெகாவாட் திறனுடைய அது, மின்சாரம் மிகுந்திருக்கும்போது கீழணையின் நீரை மேலணைக்கு ஏற்றி வைத்துக்கொண்டு, தேவை மிகும்போது இறக்கிவிடுகிறது. கம்பியில் தேக்க முடியாததை மலைமேல் நீராகத் தேக்கும் உத்தி இது. அதுவும் போதாதெனில் மின்சந்தையிலோ பிற மாநிலங்களிலோ வாங்க முயல்வர். பின்னர்ப் பெருந்தொழிற்சாலைகளின் நுகர்வைக் குறைக்கச் சொல்வர். இவற்றுக்குப் பிறகும் பள்ளம் நிரம்பாவிட்டால்தான் துணைமின் நிலையங்களுக்குத் தொலைபேசி ஒலிக்கும். குறிப்பிட்ட மின்பாதைகள் சுழற்சி முறையில் நிறுத்தப்படும். திருநகரின் விளக்குகள் அணையும்.

மனிதர் முடிவெடுக்கும் முன்பே அதிர்வெண் சரியும் வேளைகளும் உண்டு. அதற்காக ரிலே எனப்படும் தானியங்கிக் காவற்கருவிகளைத் துணைமின் நிலையங்களில் பொருத்தியிருக்கின்றனர். அதிர்வெண் 49.4 ஆனதும் முதற்கட்ட மின்பாதைகள் எவரையும் கேளாமல் துண்டிக்கப்படும். அதற்கடுத்த படிகள் 49.2, 49.0, 48.8.

காவல் தவறினால் விளைவது யாது என்பதை 2012 சூலை இறுதியில் வடஇந்தியா கண்டது. வலுக்குறைந்திருந்த பீனா – குவாலியர் மின்பாதையின்மேல் சுமை ஏறிக்கொண்டே போனது. ஒதுக்கீட்டுக்கு மேல் எடுப்பதைக் குறைக்குமாறு மண்டல மையம் விடுத்த அறிவுறுத்தல்களுக்கு மாநிலங்கள் போதிய அளவில் செவிசாய்க்கவில்லை. சூலை 30 அதிகாலை 2.33 மணிக்கு வடமண்டலம் இருளில் மூழ்கியது. மறுநாள் நண்பகல் ஒரு மணியளவில் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு ஆகிய மூன்று மண்டலங்களும் ஒருசேர வீழ்ந்தன. 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் நிலப்பரப்பு அது. தொடர்வண்டிகள் நடுவழியில் நின்றன. சுரங்கங்களில் தொழிலாளர்கள் சிக்கிக்கொண்டனர். தானியங்கிக் கருவிகளும் எதிர்பார்த்த அளவில் கைகொடுக்கவில்லை.

தமிழகம் அந்த இரு நாள்களிலும் தப்பியது. தென்மண்டலம் அப்பொழுது நாட்டின் ஏனைய தொகுப்போடு நேர்த்திசை மின்னோட்ட இணைப்புகளால் மட்டுமே பிணைக்கப்பட்டிருந்தது. அவ்விணைப்பு மின்சாரத்தைக் கடத்தும். ஒருபுறத்து அதிர்வெண் சரிவை மறுபுறம் விடாது. ஆனால் வடக்கின் வீழ்ச்சியைத் தடுத்த அதே அணைதான் தெற்கின் பசிக்கும் ஒரு காரணமாயிற்று. வேறு மண்டலங்களில் மின்சாரம் கிடைத்தாலும், தமிழகம் வேண்டிய அளவு கொண்டுவரப் பாதை போதவில்லை. புதிய மின்னிலையங்கள் காலம் தாழ்ந்ததும், காற்றுப் பருவம் முடிந்து காற்றாலைகள் ஓய்ந்ததும் சேர்ந்துகொண்டன. 2013 திசம்பர் 31 அன்று ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை இயங்கிய பின்னரே நாடு முழுவதும் ஒரே அதிர்வெண்ணில் துடிக்கும் தொகுப்பாயிற்று.

பற்றாக்குறைக் காலத்தில் எழும் கடினமான வினா, யாருடைய விளக்கை அணைப்பது என்பது. மருத்துவமனை, தொடர்வண்டி, குடிநீரேற்றம் ஆகியவற்றை விலக்குவதில் கருத்து வேறுபாடில்லை. மீதமுள்ளோரிடையே பங்கிடுவதில்தான் சிக்கல். 2012இல் சென்னையில் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் மின்வெட்டு. மதுரை உள்ளிட்ட பிற மாவட்டங்களிலோ பத்து மணி நேரத்தையும் தாண்டிய நாள்கள் பல. தலைநகரின் அலுவலகங்களும் தொழில்களும் காரணமாகக் கூறப்பட்டன. கப்பலூர்ப் பட்டறைக்காரருக்கு அக்காரணம் நிறைவளித்திருக்காது. எத்தனை மெகாவாட் குறைய வேண்டும் என்பதைப் பொறியியல் கணக்கிடும். அதை யார் சுமப்பது என்பது ஆட்சியின் முடிவு. அதற்கான விடையைக் கட்டுப்பாட்டு அறையின் திரையில் தேட முடியாது.

மின்சாரத்தை மீளக் கொடுப்பதும் எளிதன்று. வெட்டின்போது விசைகளை அணைக்காமல் விட்ட மின்விசிறி, குளிர்பதனப் பெட்டி, நீரேற்றி அனைத்தும் மின்சாரம் வந்த நொடியில் ஒன்றாக எழுந்து, வழக்கத்தைவிட மிகுந்த சுமையைக் கேட்கும். ஆகவே மின்பாதைகளை இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக இணைக்கின்றனர். தொகுப்பு முழுவதும் வீழ்ந்துவிட்டாலோ, அனல்மின் நிலையம் தன் துணைக்கருவிகளை இயக்கவே வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும். சிறு நீர்மின் அல்லது எரிவாயு நிலையமொன்று தானே எழுந்து அதற்குக் கைகொடுக்க வேண்டியிருக்கும்.

2024 மே 2 அன்று தமிழகத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டை எட்டியது. திருநகர் வாசிகள் கண்ட அந்த நீண்ட வெட்டுகள் அப்பொழுது திரும்பவில்லை. ஆனால் நெருக்கடியின் நேரம் இடம்மாறியிருக்கிறது. இராமநாதபுர மாவட்டத்துக் கமுதியில் 648 மெகாவாட் திறனோடு விரிந்துகிடக்கும் சூரிய மின்தகடுகள் நண்பகலில் தாராளமாகத் தருகின்றன. கதிர் சாயும் வேளையில் கையை விரிக்கின்றன. சரியாக அந்நேரத்தில்தான் திருநகரின் வீடுகளிலும் கடைகளிலும் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்குகின்றன. கட்டுப்பாட்டு அறைத் திரையில் ஒரு கோடு இறங்க, மற்றொன்று ஏறும். பணியிலிருக்கும் பொறியாளர் காடம்பாறையின் மேலணையில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று பார்க்கிறார்.