ஒரே நாளில் செத்துப்போன சரக்கு: 200 ரெலி கார்கள் சொல்லும் வியாபாரப் பாடம்

பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடை நடத்துபவனிடம் பொழுதுபோக்கு என்னவென்று கேட்டால் சிரிப்புத்தான் வரும். விடிந்தால் பெயாரிங், மாலையானால் பிரேக் பேட் என்று ஓடும் வாழ்க்கையில் பொழுது எங்கே இருக்கிறது, போக்குவதற்கு? ஆனாலும் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. அது பழைய ரெலி கார்கள்.

இது தொடங்கியது 1980களின் பிற்பகுதியில். இங்கிலாந்திலிருந்து வாப்பாவின் கடைக்கு வரும் பெட்டிகளில், பாகங்கள் ஒன்றோடொன்று முட்டாமல் இருக்கப் பழைய மோட்டார் சஞ்சிகைகளைக் கசக்கித் திணித்திருப்பார்கள். வாப்பா பாகங்களை எடுப்பார். நான் கடதாசிகளை எடுத்து, நீவி விரித்துப் பார்ப்பேன். சேற்றை வாரி இறைத்துக்கொண்டு வளைவில் பாயும் கார்களின் படங்கள். பெரும்பாலும் கதையின் முதல் பக்கம் இருந்தால் கடைசிப் பக்கம் இருக்காது. மீதியைத் தேடிப் படித்தே முப்பது வருடங்களுக்கு மேல் கழிந்துவிட்டன.

இந்தப் பத்தியில் எதற்கு ரெலி கார் கதை என்று வாசகர்கள் நினைக்கலாம். களஞ்சியத்தில் சரக்கு நிறைந்திருக்கும்போது ஒரு சட்டம் வந்து அதன் சந்தையை மூடிவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி, நம் வியாபாரிகள் எல்லோரையும் ஒரு நாளாவது தூங்கவிடாமல் செய்த கேள்வியாகும். அதற்கு நான் கண்ட மிகச் சிறந்த உதாரணம் இந்தக் கார்களில்தான் இருக்கிறது.

200 கார் விதி

1982இல் உலக ரெலிப் போட்டிகளுக்கு 'குரூப் பி' என்ற புதிய பிரிவு நடைமுறைக்கு வந்தது. அதன் அடிப்படை விதி எளிமையானது. ஒரு கம்பனி தன் காரைப் போட்டியில் ஓட்ட வேண்டுமானால், அதே வகைக் கார்கள் 200ஐப் பன்னிரண்டு மாதங்களுக்குள் தயாரித்துக் காட்ட வேண்டும். அதற்கு முன்பிருந்த 'குரூப் 4' விதியில் இந்த எண்ணிக்கை 400 ஆக இருந்தது. பாதியாகக் குறைந்ததும் கம்பனிகளுக்குத் துணிச்சல் வந்தது. 200 தானே, எப்படியும் விற்றுவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள்.

நான்கு சில்லுகளுக்கும் வலுவைக் கொடுக்கும் அவுடி குவாட்ரோ அதற்கு முன்பே, 1981இலேயே களமிறங்கியிருந்தது. அதே ஆண்டு இத்தாலியின் சன்ரெமோ ரெலியை அந்தக் காரில் வென்ற பிரான்ஸ் நாட்டு மிஷெல் மூட்டோன், உலகச் சுற்றுப்போட்டி ஒன்றை வென்ற முதற் பெண் என்ற பெயரைப் பெற்றார். லன்சியாவின் 037, பின்சில்லு வலுவை மட்டுமே நம்பி 1983இல் தயாரிப்பாளர் பட்டத்தை அவுடியிடமிருந்து தட்டிக்கொண்டது. பின்னர் வந்த பேஜோ 205 டர்போ 16, 1985, 1986 ஆகிய இரு ஆண்டுகளும் பட்டத்தை வென்றது.

இந்தப் போட்டியில் பிந்திச் சேர்ந்தவர்களில் ஒருவர் பிரித்தானியாவின் ஒஸ்டின் ரோவர். வீட்டுக்குச் சாமான் வாங்கப் போகும் சிறிய மெட்ரோ காரின் உருவத்தை வைத்துக்கொண்டு, போர்முயுலா வன் போட்டிகளில் பெயர் பெற்ற வில்லியம்ஸ் நிறுவனத்தின் உதவியுடன் முற்றிலும் வேறொரு வாகனத்தை அவர்கள் உருவாக்கினார்கள். இயந்திரம் முன்னால் இல்லை, சாரதிக்குப் பின்னால். 3 லீட்டர், ஆறு சிலிண்டர், டர்போ இல்லை. நான்கு சில்லுகளுக்கும் வலு. பெயர் மெட்ரோ 6ஆர்4. வாடிக்கையாளருக்கு விற்கும் வகைக்குச் சுமார் 250 குதிரை வலு. கம்பனியின் போட்டிக் கார்களுக்குச் சுமார் 400.

1985 நவம்பர் முதலாம் திகதி 6ஆர்4க்கு அங்கீகாரம் கிடைத்தது. அதே மாதம் நடந்த பிரித்தானிய ஆர்ஏசி ரெலியில் டொனி பொண்ட் அதை மூன்றாவது இடத்துக்குக் கொண்டுவந்தார். முதல் முயற்சியிலேயே இப்படி என்றால் அடுத்த வருடம் எப்படியிருக்கும்! கம்பனியில் எல்லோரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். கையில் 200 கார், முன்னால் ஒரு முழு வருடம்.

சந்தை மூடிய நாள்

1986 மார்ச்சில் போர்த்துக்கல் ரெலியில் ஒரு போர்ட் ஆர்எஸ்200 கார் கூட்டத்துக்குள் பாய்ந்தது. பார்வையாளர் மூவர் உயிரிழந்தனர். முப்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். மே 2ஆம் திகதி பிரான்ஸின் கோர்சிகா தீவில், முன்னணியில் சென்றுகொண்டிருந்த ஹென்றி டொய்வொனனின் லன்சியா டெல்டா எஸ்4 மலைப்பாதையை விட்டு விலகிக் கீழே விழுந்து தீப்பற்றியது. அவரும் துணைச் சாரதி செர்ஜியோ கிரெஸ்டோவும் அதிலேயே மாண்டார்கள்.

அதை அடுத்து உடனடியாகவே சர்வதேச மோட்டார் விளையாட்டுச் சபையின் அறிவிப்பு வந்தது. 1987 முதல் உலக ரெலிப் போட்டிகளில் குரூப் பி கார்களுக்கு இடமில்லை.

மனித உயிர்கள் போன இடத்தில் இந்த முடிவைக் குறை சொல்ல எவராலும் முடியாது. ஆனால் வியாபாரக் கண்ணோடு ஒருதரம் பாருங்கள். போர்ட் ஆர்எஸ்200க்கு அங்கீகாரம் கிடைத்தது 1986 பெப்ரவரியில். மூன்று மாதம் முடியும்போதே தலையெழுத்து எழுதப்பட்டுவிட்டது. அவர்களும் 200 கார்களைத் தயாரித்து வைத்திருந்தார்கள். 6ஆர்4இன் விலை சுமார் 40,000 பவுண்டாக இருந்தது. விற்காமல் தேங்கியதும் அதை 16,000 பவுண்டு வரை இறக்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று. நூற்றுக்கு அறுபது வீதம் கழிவு. 1987இல் மிச்சமிருந்த பாகங்களும் இயந்திரங்களும் டொம் வோகின்ஷோ ரேசிங் நிறுவனத்துக்குக் கைமாறின.

சேற்றில் பிழைத்த கார்கள்

என் சஞ்சிகைக் கிழிசல்களில் கதை இந்த இடத்தோடு நின்றுபோயிருந்தது. மீதியை நான் அறிந்தது பல வருடங்களுக்குப் பிறகுதான்.

ரெலியின் தம்பி என்று சொல்லத்தக்க இன்னொரு விளையாட்டு உண்டு. அதன் பெயர் ரெலிகுரொஸ். 1967 பெப்ரவரி 4ஆம் திகதி, இங்கிலாந்தின் கென்ட் பிராந்தியத்திலுள்ள லிடன் ஹில் திடலில், தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காகவே முதன்முதலாக அது நடத்தப்பட்டது. ஒரு போர்ஷ் 911 காரில் விக் எல்போர்ட் வென்றார். பாதி தார், பாதி மண் கொண்ட சிறிய வட்டப்பாதை. சில சுற்றுகள், சில நிமிடங்கள், முடிந்தது. மலையோரம் இல்லை. துணைச் சாரதி இல்லை. பார்வையாளர்கள் பாதையோரத்தில் நெருக்கியடிக்காமல் வேலிக்குப் பின்னால் நிற்பார்கள்.

இங்கேதான் விசயம் இருக்கிறது. குரூப் பி கார்களின் குற்றம் காரில் மட்டும் இருக்கவில்லை. அந்த வேகமும் அந்த மலைப்பாதையும் அந்தக் கூட்டமும் ஒன்றாகச் சேர்ந்ததில்தான் இருந்தது. வேலி போட்ட சிறு திடலில் அதே கார் வேறு சரக்கு. ஐரோப்பிய ரெலிகுரொஸ் போட்டி 1992 வரை இந்தக் கார்களுக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தது.

பின்லாந்தின் மத்தி அலமெக்கி பேஜோ 205 காரில் 1988, 1989, 1990 என மூன்று வருடங்கள் தொடர்ந்து ஐரோப்பியப் பட்டம் வென்றார். 1991இல் நோர்வேயின் மார்ட்டின் ஷங்கே, மூன்றே மாதத்தில் முடிந்துபோனதாகக் கருதப்பட்ட அதே போர்ட் ஆர்எஸ்200 காரில் பட்டம் வென்றார். 1992இல் இங்கிலாந்தின் வில் கொலொப் வென்றார். அவர் ஓட்டியது இரட்டை டர்போ பூட்டிய மெட்ரோ 6ஆர்4. கம்பனி வேண்டாமென்று விலை குறைத்துத் தள்ளிய சரக்கு ஐரோப்பியச் சம்பியனாகிவிட்டது!

அந்த மெட்ரோ இயந்திரத்தின் கதை அதைவிட ஆச்சரியமானது. டொம் வோகின்ஷோவின் ஆட்கள் அதன் அடிப்படையில் டர்போ இயந்திரம் ஒன்றை உருவாக்கினார்கள். அது பொருத்தப்பட்ட ஜாகுவார் எக்ஸ்ஜே220 கார், 1992இல் மணிக்கு 217 மைல் வேகத்தைத் தொட்டு, உலகின் மிக வேகமான விற்பனைக் கார் என்ற பெயரைப் பெற்றது.

இன்று நல்ல நிலையிலுள்ள ஒரு 6ஆர்4 இலட்சம் பவுண்டைத் தாண்டி விலை போகிறது. குரூப் பி காலத்து அவுடி குவாட்ரோ எஸ்1 ஒன்று 2021 பெப்ரவரியில் நடந்த ஏலத்தில் 20 இலட்சம் யூரோவுக்கு மேல் விற்றது.

நான் விட்ட பிழை

இனி என் கதைக்கு வருகிறேன். 2008இல் டூ ஸ்ட்ரோக் முச்சக்கர வண்டிகளின் இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, என் களஞ்சியத்தில் அந்த வண்டிகளுக்கான பிஸ்டன், ரிங் செட், சிலிண்டர் என்று கணிசமான சரக்கு இருந்தது. செய்தி கேட்ட அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இனி இவை பழைய இரும்புக் கணக்குத்தான் என்று முடிவு கட்டினேன். ஒரு கிழமைக்குள், குருநாகல் பக்கத்து வியாபாரி நானா ஒருவருக்கு, வாங்கின விலையில் பாதிக்கு முழுச் சரக்கையும் ஏற்றிவிட்டேன். தலைப்பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

சில வருடங்கள் கழித்து அவருடைய கடைக்குப் போனபோது, என் பெட்டிகளில் கடைசி இரண்டுதான் மிச்சமிருந்தன. என் கையெழுத்தில் எழுதிய இலக்கம் அவற்றில் அப்படியே இருந்தது. கிராமப்புறத்துக் கராஜ்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, நல்ல விலைக்கு விற்றிருக்கிறார். நான் வாய் திறந்து கேட்கவில்லை. அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்:

"தம்பி, வண்டி வாறதத்தானே நிப்பாட்டின. ஓடுறத நிப்பாட்ட இல்லயே."

கார் சஞ்சிகைகளை முப்பது வருடம் படித்தவன் நான். அவர் ஒரு பக்கம்கூடப் படித்தவரல்ல. ஆனால் ரெலிகுரொஸ் பாடத்தை வியாபாரத்தில் செய்து காட்டியவர் அவர்தான்.

மூன்று கேள்விகள்

வாகன இறக்குமதி சுமார் ஐந்து வருடங்களின் பின் 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. மின்சாரக் கார்கள் வரத் தொடங்கியதும் என் மகன் ஒரு நாள் மேல் தட்டைக் காட்டி, "வாப்பா, இந்தப் பழைய காபரேட்டர் சாமான்களை நிறுத்து வித்துப்போட்டு இடத்தை எடுப்போம்" என்றார். மீண்டும் அதே இரவு வந்துவிட்டது போல எனக்கிருந்தது. இம்முறை அவசரப்படவில்லை. இருவரும் உட்கார்ந்து, ஒவ்வொரு பெட்டிக்கும் மூன்று கேள்விகள் கேட்டோம்.

முதலாவது, மூடியது எந்தக் கதவு? புதிய வாகனம் வருவது நின்றதா, பழையது ஓடுவதும் நின்றதா? இரண்டும் ஒன்றல்ல.

இரண்டாவது, வைத்திருக்க யாருடைய பணம் செலவாகிறது? 16,000 பவுண்டு கார் இலட்சத்தைத் தாண்டப் பல வருடங்கள் எடுத்தன. ஆரம்பத்தில் வாங்கிய பலர் முதலீடு என்று வாங்கவில்லை, ஓட்டுவதற்கு வாங்கினார்கள். கடன் பணத்திலும் வாடகைக் களஞ்சியத்திலும் காத்திருப்பவனைச் செலவே விழுங்கிவிடும். அப்படிப்பட்டவர் நட்டத்துக்கு விற்பதில் வெட்கமில்லை. ஒஸ்டின் ரோவர் விலை குறைத்ததையும் நான் பிழையென்று சொல்லமாட்டேன். என் பிழை விற்றது அல்ல. வேறு எங்கே விற்கலாம் என்று ஒருவரிடமாவது கேட்காமல் விற்றதுதான்.

மூன்றாவது, சரக்கின் அடையாளம் கையில் இருக்கிறதா? பழைய ரெலி கார்ச் சந்தையில் மாதிரிப் பிரதிகள் ஏராளம். உண்மையான காரையும் பிரதியையும் பிரித்துக் காட்டுவது செசி இலக்கமும், எந்தப் போட்டியில் யார் ஓட்டினார் என்ற பதிவும், பழைய பற்றுச்சீட்டுகளும்தான். கடதாசி இல்லாத கார் விலையில் பெரும்பகுதியை இழந்துவிடும். நம் கடைகளில் பாக இலக்கம் கிழிந்த பெட்டி எத்தனை! அசல் எது, மாற்றுத் தயாரிப்பு எது என்று பற்றுச்சீட்டில் எழுதாமல் விற்பவர் எத்தனை பேர்!

இந்தக் கேள்விகளோடு பிரித்தபோது, மேல் தட்டில் இருந்தவற்றில் பாதிக்கு மேல் இரும்புக் கடைக்கே போனது. அதையும் ஒளிக்காமல் சொல்லத்தான் வேண்டும். மீதிக்குப் பாக இலக்கம் எழுதி, வெளியூர்க் கராஜ்களுக்கும் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கும் பட்டியல் அனுப்பினோம். பெரிய இலாபமில்லை. ஆனால் வாரத்துக்கு இரண்டு மூன்று அழைப்புகள் வருகின்றன. பதில் சொல்வது மகன்தான்.

போன மாதம் மேல் தட்டைத் துடைக்கும்போது ஒரு பெட்டிக்குள் கசங்கிய சஞ்சிகைத் தாள் ஒன்று கிடைத்தது. மகன் அதை எறியாமல், நீவி விரித்து என் மேசையில் வைத்திருந்தார்.