வெல்லம் வெளுத்திருப்பது ஏன்?

பண்டிகைக் காலத்தில் கடைக்குச் செல்வோர் வெளிர்மஞ்சளாய் மின்னும் வெல்லத்தையே முதலில் கையில் எடுக்கின்றனர். கருத்தது அழுக்கு, வெளுத்தது தூய்மை என்பது நம் கண்ணின் தீர்ப்பு. ஆனால், அத்தீர்ப்பு பல வேளைகளில் பிழையானது.

கரும்புச்சாற்றைக் கொப்பரையில் நெடுநேரம் காய்ச்சும்போது பழுப்பு நிறம் இயல்பாகவே உண்டாகிறது. சாற்றுடன் சிறிது சுண்ணாம்பும் வெண்டைத் தண்டின் வழவழப்பான சாறும் சேர்த்தால், கசடு நுரையோடு மேலெழும். அதை வழித்தெடுப்பது பழைய முறை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கேரளத்தின் மறையூர் வெல்லம் கரும்பழுப்பு நிறமுடையதே.

சந்தையோ வெளுப்பிற்குக் கூடுதல் விலை தருகிறது. எனவே சில ஆலைகளில் ‘ஹைட்ரோஸ்’ எனப்படும் சோடியம் ஹைட்ரோசல்பைட் தூளைக் கொதிக்கும் சாற்றில் இடுகின்றனர். துணியின் சாயத்தைப் போக்கவும் பயன்படும் வேதிப்பொருள் இது. இது நிறத்தை மட்டுமே மாற்றுகிறது. கசடு அங்கேயே தங்கிவிடுகிறது. அவ்வெளுப்பும் நிலையானதன்று, சேமிப்பில் வெல்லம் மீண்டும் கருக்கும்.

வெல்லத்தில் எஞ்சும் கந்தக டை ஆக்சைடே நாம் கருத வேண்டியது. கிலோவுக்கு 70 மில்லிகிராம் என்பது இந்திய விதிகளின் வரம்பு. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.7 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்பது உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் இணைந்து அமைத்த வல்லுநர் குழுவின் கணிப்பு. 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது 10.5 மில்லிகிராம். வரம்புக்குட்பட்ட வெல்லம் 50 கிராம் உண்டால் 3.5 மில்லிகிராமுக்கு மேல் சேராது. எனவே வீண் அச்சம் வேண்டா. ஆயினும் கொப்பரையருகே நிற்பவர் தூளைக் கையால் அள்ளியிடும்போது அளவை யார் அறிவார்? உலர்பழங்களின் வழியாகவும் சல்பைட் நம் உடலைச் சேர்கிறது. ஆஸ்துமா உடையோருள் சிலருக்குச் சிறிதளவே மூச்சுத்திணறலைத் தூண்டக்கூடும். உணவிலுள்ள வைட்டமின் பி1 சத்தையும் சல்பைட் சிதைக்கிறது.

வெல்லத்தை நீரில் கரைத்துப் பார்த்தால் மணலும் சுண்ணாம்புத் தூளும் அடியில் தங்கும், கந்தகம் புலப்படாது. அதற்கு ஆய்வகமே வழி. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006இன் 40ஆம் பிரிவின்படி, வாங்கும்போதே விற்பனையாளரிடம் தெரிவித்துவிட்டு, உரிய கட்டணம் செலுத்தி, உணவுப் பகுப்பாய்வாளரிடம் எவரும் பொருளைச் சோதிக்கச் செய்யலாம். பொருள் விதிக்கு மாறானது என்று அறிக்கை உறுதிசெய்தால், செலுத்திய கட்டணத்தைத் திரும்பப் பெறலாம்.