உங்களுக்குத் தெரியுமா? நடுக்கம்தான் வேண்டும்!

இந்தித் திரையிசையில் சோகத்துக்கும் காதலுக்கும் பேர்போன பாடகர் தலத் மஹ்மூத், தன் குரலின் அந்த மெல்லிய நடுக்கத்தை மறைத்துப் பாட முயன்றவர்! பம்பாய்க்கு வந்த புதிதில், அது பயத்தில் வரும் உதறல் என்று சிலர் குறை சொன்னார்கள். 'ஆர்ஜூ' (1950) படத்துக்கு அவர் நடுக்கத்தை அடக்கிப் பாட, இசையமைப்பாளர் அனில் பிஸ்வாஸ் நிறுத்திவிட்டார். அந்த நடுக்கத்துக்காகத்தானே கூப்பிட்டேன் என்றாராம். பாட்டு பெரிய ஹிட்.

• பிறந்தது லக்னோவில், 1924இல். கல்கத்தாவில் வங்காளப் பாடல்கள் பாடியபோது பெயர் 'தபன் குமார்'.

• 'சுஜாதா' (1959) படம். இசை எஸ்.டி. பர்மன். தொலைபேசியில் நாயகன் சுனில் தத், தலத்தின் குரலில் பாடுகிறார். மறுமுனையில் ரிசீவரைக் காதில் வைத்தபடி, ஒரு வார்த்தை பேசாமல் நாயகி நூதன் கண்கலங்குகிறார். பாடகர் கொஞ்சம் குரலை உயர்த்தியிருந்தாலும் காட்சி கெட்டிருக்கும். தலத் உயர்த்தவில்லை.

• ஆள் அழகானவர். அதனால் நடிக்கவும் கூப்பிட்டார்கள். 'சோனே கி சிடியா'வில் (1958) அதே நூதனுடன் நடித்தார். ஆனால் ரசிகர்களுக்கு அவரிடம் வேண்டியிருந்தது பாட்டுதான்.