தனியாள் பிட்காயின் சுரங்கம்: வாய்ப்பும் வருவாயும்

கேரள அரசு 1967-இல் லாட்டரியைத் தொடங்கியது. மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் அச்சீட்டை வாங்குபவர் இழக்கக்கூடியது சீட்டின் விலை மட்டுமே. வீட்டில் தனியாகப் பிட்காயின் சுரங்கம் நடத்துபவரோ, நொடிதோறும் மின்சாரத்தைக் கொடுத்துச் சீட்டு வாங்குகிறார்.

உலகெங்கும் உள்ள சுரங்கக் கணினிகள், விதிக்குப் பொருந்தும் ஓர் எண்ணை ஊகித்துத் தேடுகின்றன. சராசரியாகப் பத்து நிமிடத்திற்கு ஒருமுறை அது கிட்டுகிறது. கண்டவருக்கு 2024 ஏப்ரல் முதல் 3.125 பிட்காயின் பரிசு. ஒரு டெராஹாஷ் என்பது நொடிக்கு ஒரு லட்சம் கோடி முயற்சி. 2025 இறுதியில் உலகின் மொத்த வேகம் ஏறக்குறைய 100 கோடி டெராஹாஷ். 200 டெராஹாஷ் இயந்திரத்தின் பங்கு 50 லட்சத்தில் ஒன்று. ஆண்டுக்கு 52,560 குலுக்கல்கள். ஆகவே ஒரு பரிசுக்குச் சராசரியாக 95 ஆண்டுகள். அவ்வளவு காலம் காத்திருந்தும் ஒன்றும் கிடைக்காமற்போக 37 விழுக்காடு வாய்ப்புண்டு. முந்தைய தோல்விகளை எந்தக் குலுக்கலும் கணக்கில் கொள்வதில்லை.

அவ்வியந்திரத்திற்கு 3.5 கிலோவாட் தேவை. நாளொன்றுக்கு 84 யூனிட். யூனிட் 8 ரூபாய் எனக் கொண்டால் ஆண்டுச் செலவு 2.45 லட்சம் ரூபாய். ஒரு பிட்காயின் 75 லட்சத்திற்கு மேல் விற்றால்தான் சராசரிக் கணக்கில் மின்கட்டணமாவது மீளும். இயந்திரத்தின் விலை தனி. கூட்டுச் சுரங்கத்தில் சேர்ந்தால் வருவாய் சிறு தவணைகளாக வரும், சராசரி உயராது. விற்று வரும் ஆதாயத்திற்கு 2022 முதல் 30 விழுக்காடு வருமான வரி உண்டு. அதில் மின்கட்டணத்தைக் கழித்துக்கொள்ள இயலாது.