சில்லுக்குள் இன்னொரு கணினி

ராஸ்பெர்ரி பை 3 என்ற சிறு கணினிப் பலகை 2016 பிப்ரவரியில் கடைக்கு வந்தபோதே வைஃபையும் அதில் சேர்ந்தே வந்தது. ஆனால் அதில் ரிஸ்க் ஓஎஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டவர்கள் ஈதர்நெட் கேபிளைத்தான் செருக வேண்டியிருந்தது. அந்த இயங்குதளத்தின் நிலையான பதிப்பில் பலகையின் வைஃபை வேலை செய்யத் தொடங்கியது 2024 ஏப்ரலில், 5.30 பதிப்பில்தான்.

ரிஸ்க் ஓஎஸ் நேற்று முளைத்ததல்ல. 1987இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஏகார்ன் நிறுவனம் ஆர்ம் செயலிக்கென்றே எழுதியது. இன்று ஆர்வலர்களின் சிறு கூட்டம் அதைப் பேணி வருகிறது.

வைஃபை சில்லை இயக்கும் நிரலான ஒரு டிரைவருக்கு ஏன் இத்தனை பாடு? பை 3இன் வைஃபை சில்லு வெறும் ரேடியோ அல்ல. பிராட்காம் 43438 என்ற அந்தச் சில்லுக்குள் தனியாக ஓர் ஆர்ம் செயலியும் 512 கிலோபைட் நினைவகமும் உண்டு. மின்சாரத்தை நிறுத்தினால் நினைவகம் துடைத்துவிட்டதுபோல் ஆகிவிடும். அதனால் ஒவ்வொரு முறை பலகையை ஆன் செய்யும்போதும் டிரைவர் முதலில் அந்தச் செயலியை நிறுத்திவைத்து, அது ஓட்ட வேண்டிய நிரலான ஃபர்ம்வேர் கோப்பை, சில்லைப் பலகையோடு இணைக்கும் எஸ்டிஐஓ தடம் வழியே உள்ளே ஏற்றுகிறது. நினைவகத்தின் கடைக்கோடியில் பலகையின் விவரங்களை எழுதுகிறது: ஆன்டெனா எப்படி, சில்லுக்குத் துடிப்பைத் தரும் படிகத்தின் அதிர்வெண் எவ்வளவு. பை 3இல் அது 37.4 மெகாஹெர்ட்ஸ். இந்த எண் பிசகினால் ரேடியோ சரியான அலைவரிசையில் நிற்காது. எல்லாம் ஏறிய பிறகே செயலியை ஓடவிடுகிறது.

ஓடத் தொடங்கினால் பாதிக் கவலை தீர்ந்தது. நெட்வொர்க்கைத் தேடுவது, அதில் சேர்வது போன்ற வேலைகளைச் சில்லே பார்த்துக்கொள்ளும். டிரைவர் கட்டளை கொடுத்தால் போதும். வேறு வகைச் சில்லுகளில் இவை இயங்குதளத்தின் தலையில் விழும். லினக்ஸில் அதற்கென்றே ஒரு பெரிய அடுக்கு இருக்கிறது. சிறிய இயங்குதளத்தில் அதை முதலிலிருந்து கட்ட வேண்டும்.

அந்தக் கட்டளைகளை எங்கே கற்பது? லினக்ஸுக்கான தன் டிரைவரின் மூலநிரலை பிராட்காம் 2010இல் தாராளமான ஐஎஸ்சி உரிமத்தில் திறந்துவிட்டது. ஓபன்பிஎஸ்டி, பிளான் 9 ஆகிய இயங்குதளங்களுக்கும் இந்தச் சில்லுக்கான டிரைவர்கள் இருக்கின்றன. புதிதாக எழுத வருபவருக்கு அவையே பாடநூல்.

ஃபர்ம்வேர் மட்டும் மூடிய பெட்டிதான். 2017இல் பிராட்காம் வைஃபை சில்லுகளில் பிராட்பவுன் என்ற பாதுகாப்பு ஓட்டை அம்பலமானது. கோளாறு ஃபர்ம்வேரில் இருந்ததால், டிரைவரை எவ்வளவு திருத்தினாலும் அது அடைபடாது. நிறுவனம் தரும் புதிய ஃபர்ம்வேர் கோப்பை அவ்வப்போது மாற்றிப் போடுவதும் டிரைவரைப் பராமரிப்பவரின் வேலையே.